இடது கண்ணில் ஊமத்தை

அறுபதுகளின் கடைசியில் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் எனக்குச் செக்கிங் வேலை. மெஷினிலிருந்து இறங்கிய துணியை மேஜைமேல் விரித்து, ஓட்டை, இழை விட்ட இடம், எண்ணெய்க் கறை எல்லாவற்றையும் தேடிப் பிடித்து நீலப் பென்சிலால் சுழிக்க வேண்டும். குறை கண்டுபிடிப்பதற்குக் கூலி கொடுத்தார்கள். கூலி கொடுக்காவிட்டாலும் நான் அதைத்தான் செய்திருப்பேன். லைன் வீட்டில் எனக்கு வாய்க்காரி என்று பெயர். என் கணவர் அதே கம்பெனியில் மெஷின் ஓட்டினார். அவர் ஓட்டிய துணி என் மேஜைக்கு வந்தால் மற்றவர்களுடையதைவிட இரண்டு சுழி கூடுதலாகவே விழும். "இவ ஊட்லயும் செக்கிங்தானுங்க" என்று அவர் எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பார். மனுஷனுக்குக் கோபமே வராது. அதுவும் எனக்கு ஒரு குறைதான்.

அப்போது அந்த ஷெட்டில் மெஷினுக்கு மெஷின் மோட்டார் கிடையாது. மேலே நீளமாக ஒரு இரும்புத் தண்டு சுழலும். அதிலிருந்து ஒவ்வொரு மெஷினுக்கும் ஒரு தோல் பெல்ட் இறங்கும். பெல்ட்டின் இரண்டு நுனிகளையும் இரும்புக் கொக்கியால் இணைத்திருப்பார்கள். கொக்கி தேய்ந்தால் மாற்ற வேண்டும். யார் மாற்றுவது என்பதில் மேஸ்திரிக்கும் மெஷின் பழுது பார்க்கும் பிட்டருக்கும் எப்போதும் தகராறு. நல்ல வெயில் காலத்தில் ஒரு காலை, ஒன்பது மணி இருக்கும், அப்படித் தேய்ந்த கொக்கி ஒன்று விட்டுக்கொண்டது. அறுந்த பெல்ட்டின் நுனி சுழன்று வந்து என் கணவரின் இடது நெற்றிப்பொட்டில் அடித்தது.

சத்தம் கேட்டு நான் ஓடிப் போனபோது அவர் தரையில் உட்கார்ந்திருந்தார். ரத்தம் இல்லை. ஒரு நிமிஷம் யாரையும் அடையாளம் தெரியாத மாதிரி பார்த்தார். பிறகு தெளிந்துவிட்டார். யாரோ சோடா வாங்கி வந்தார்கள், குடித்தார். எழுந்து நின்று வேட்டியைத் தட்டிக் கட்டினார். வீட்டுக்குப் போய்ப் படுத்துவிட்டு நாளைக்கு வந்தால் போதும் என்று மேஸ்திரி சொன்னார். பெல்ட்டைப் பற்றி நான் மேஸ்திரியிடம் நாலு வார்த்தை கேட்டுவிட்டுக் கணவரை அழைத்துக்கொண்டு கிளம்பினேன்.

மண்ணரையில் இருந்த எங்கள் லைன் வீட்டுக்கு நடந்தே போனோம். வழியெல்லாம் நன்றாகப் பேசிக்கொண்டு வந்தார். பெல்ட்டும் என் வாயும் ஒரே வேகம் என்றார், பெல்ட்டாவது ஒரு தடவையோடு நின்றுவிட்டது என்றார். அடிபட்ட மனிதர் இத்தனை தெளிவாகக் கிண்டல் பண்ணினால் யாருக்குச் சந்தேகம் வரும்? எனக்கும் வரவில்லை. எதிலும் குறை கண்டுபிடிக்கும் எனக்கு அன்றைக்குக் காலையில் ஒரு குறையும் தெரியவில்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் என்மேல் எனக்கு ஆத்திரம் வருகிறது.

வீட்டுக்கு வருவதற்குள் நெற்றிப்பொட்டு எலுமிச்சை அளவுக்கு வீங்கிவிட்டது. வீக்கத்துக்கு எங்கள் பக்கத்தில் எல்லோரும் செய்வதையே நானும் செய்தேன். லைன் வீட்டுக்குப் பின்னால் குப்பை மேட்டில் ஊமத்தைச் செடி மதமதவென்று வளர்ந்து கிடக்கும். ஏழெட்டு இலை பறித்து, கசக்கி, விளக்கெண்ணெய் விட்டு வதக்கி, பொறுக்கும் சூட்டில் வீக்கத்தின்மேல் வைத்து, கம்பெனியிலிருந்து கொண்டுவந்த கழிவுத் துணியால் தலையைச் சுற்றிக் கட்டினேன். பச்சைச் சாறு கன்னத்தில் வழிந்தது. துடைத்துவிட்டேன். அவர் மோர்ச்சோறு இரண்டு வாய் சாப்பிட்டார். தலை வலிக்கிறது, தூக்கமாக வருகிறது என்றார். தூங்கினால் சரியாகிவிடும் என்று பாயை விரித்துப் போட்டேன். பக்கத்து வீட்டுக்கார அம்மாவிடம் ஒரு பார்வை பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு நான் கம்பெனிக்குத் திரும்பிப் போய்விட்டேன். மேஜைமேல் துணி குவிந்து கிடந்தது.

இரண்டரை மணிக்கு வந்து பார்த்தேன். நல்ல குறட்டை. பக்கத்து வீட்டுக்கார அம்மா, நடுவில் ஒரு தடவை வாந்தி எடுத்தார், பித்தமாக இருக்கும், பிறகு அசந்து தூங்குகிறார் என்று சந்தோஷமாகச் சொன்னது. கூப்பிட்டேன். எழுந்திருக்கவில்லை. உலுக்கினேன். முனகினார், மறுபடியும் குறட்டை. அது தூங்குகிற மனிதரின் குறட்டை மாதிரி இல்லை. இமையைத் தூக்கிப் பார்த்தேன்.

வலது கண்ணில் நடுக் கறுப்பு கடுகளவு இருந்தது. இடது கண்ணில் மிளகை விடப் பெரிதாக இருந்தது. வாசலிலிருந்து வெயில் நேராக முகத்தில் அடித்துக்கொண்டிருந்தது. வெயில் பட்டால் கண்மணி சுருங்கும் என்பது ஆடு மேய்க்கும் பிள்ளைக்கும் தெரியும். இடது கண் அப்படியே அகலத் திறந்து என்னைப் பார்த்தது. பார்த்தது என்று சொல்கிறேன், அதில் பார்வையே இல்லை.

எனக்குக் காரணம் உடனே தெரிந்துவிட்டது. அதுதான் கொடுமை. நான் பிறந்து வளர்ந்தது சேவூரில். அங்கே சின்ன வயதில் ஊமத்தை இலையைக் கசக்கிய கையால் கண்ணைத் தேய்த்துக்கொண்டு இரண்டு நாள் வெளிச்சம் பார்க்க முடியாமல் கிடந்திருக்கிறேன். அப்போது என் கண்ணும் இப்படித்தான் விரிந்து கிடந்ததாக அம்மா சொல்வாள். ஊமத்தை உள்ளே போனால் பித்துப் பிடிக்கும், மயக்கம் வரும் என்பதும் கேள்விப்பட்டதுதான். ஆக, கண் விரிந்ததும் என்னால், மயக்கமும் என்னால். கட்டை அவிழ்த்து இலையைத் தூக்கிச் சாக்கடையில் போட்டேன். முகத்தைக் கழுவினேன், கண்ணைக் கழுவினேன், கன்னத்தில் இருந்த பச்சைக் கறை போகும்வரை தேய்த்தேன். பிறகுதான் அவருடைய அண்ணனுக்கு ஆள் அனுப்பினேன்.

அண்ணன் மங்கலத்தில் தறி போட்டிருந்தார். சைக்கிளில் பறந்து வந்தார். ஒரு குதிரை வண்டியைப் பிடித்து டவுனில் இருந்த டாக்டரிடம் கொண்டுபோனோம். அந்த டாக்டர் கைராசிக்காரர், ஆனால் நாட்டு வைத்தியம் என்று யாராவது வாயைத் திறந்தால் அவ்வளவுதான். அதற்கு முந்தின மாசம்தான் எங்கள் லைனில் ஒருத்தி குழந்தையின் கட்டிக்கு ஊமத்தை வைத்துக் கட்டிக்கொண்டு போய், எல்லோர் முன்னாலும் வாங்கிக் கட்டிக்கொண்டு அழுதபடி திரும்பினாள்.

டாக்டர் நாடி பார்த்தார். டார்ச்சை எடுத்து வலது கண்ணில் அடித்தார், இடது கண்ணில் அடித்தார், மறுபடியும் இடது கண்ணில் அடித்தார். அவர் முகம் மாறியது. நிமிர்ந்து என்னைக் கேட்டார்.

"இந்தக் கண்ணுல ஏதாவது விட்டியாம்மா? மருந்து, சாறு, எதாவது?"

பக்கத்தில் அண்ணன் நிற்கிறார். எதிரில் டாக்டர். என் விரல் இடுக்கில் இன்னும் பச்சை போகவில்லை. கையை முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டேன்.

"இல்லீங்க" என்றேன்.

அவ்வளவு மரியாதையாக ஒரு பொய். டாக்டர் மறுகேள்வி கேட்கவில்லை. மண்டைக்குள் ரத்தம் கசிந்து மூளையை அழுத்துகிறது, கண்ணே சொல்கிறது, இங்கே ஒன்றும் செய்ய முடியாது, கோயமுத்தூருக்கு இந்த நிமிஷமே கொண்டுபோங்கள், மண்டையைத் திறந்து ரத்தத்தை எடுத்தால்தான் பிழைப்பார் என்றார். ஒரு சீட்டில் விறுவிறுவென்று எழுதிக் கொடுத்தார். அண்ணன் அப்படியே சுவரில் சாய்ந்துவிட்டார். எனக்கு அந்த வார்த்தைகள் காதில் விழுந்தன, அர்த்தம் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. மண்டையைத் திறப்பது. என் இலைக்காக ஒரு மனிதரின் மண்டையைத் திறக்கப் போகிறார்கள்.

விஷயம் தெரிந்து கம்பெனி முதலாளி டிரைவரோடு தன் பிளஷர் காரைக் கொடுத்தார். பின் சீட்டில் என் கணவரின் தலை என் மடியில். அவினாசி கோபுரம் தெரிந்தபோது அண்ணன் முன் சீட்டிலிருந்து கைகூப்பினார். பழனிக்கும் வேண்டிக்கொண்டார். நான் யாரையும் வேண்டவில்லை. நான் அந்தக் கண்ணையே தூக்கித் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். சுருங்கிவிடாதா, கொஞ்சமாவது குறையாதா என்று. சொல்லிவிடு, சொல்லிவிடு என்று மனசு அடித்துக்கொண்டது. கருமத்தம்பட்டி தாண்டும்போது வாயைத் திறந்தேன். அண்ணன் திரும்பிப் பார்த்தார். கண்ணெல்லாம் சிவந்து, அழுது வீங்கிய முகம். தண்ணீர் வேணுமா என்று கேட்டார். ஆமாங்க என்றேன். ஊரையே வாயால் அளப்பவள் என்று பெயர் எடுத்தவளுக்கு, வாய் வேண்டிய இடத்தில் வாய் வரவில்லை.

கோயமுத்தூர் பெரிய ஆஸ்பத்திரியில் எங்களை நிற்கவிடவில்லை. சீட்டைப் பார்த்ததும் தள்ளுவண்டியில் போட்டு உள்ளே கொண்டுபோனார்கள். சர்ஜன் வந்தார். ஒல்லியான மனிதர், சத்தமே இல்லாமல் பேசினார். அவரும் டார்ச் அடித்துப் பார்த்தார். பத்தே நிமிஷத்தில் தியேட்டரைத் தயார் பண்ணச் சொல்லிவிட்டார். இடது பக்கம், காதுக்கு மேலே என்று நர்ஸிடம் விரலால் தொட்டுக் காட்டினார். எந்தப் பக்கத்தில் திறப்பது என்பதைக்கூட அந்தக் கண்ணை வைத்துத்தான் முடிவு செய்தார் என்பது எனக்குப் புரிந்தது. முடி மழிக்கும் ஆள் கிண்ணத்தில் தண்ணீரோடு வந்து நின்றான்.

அந்தக் கிண்ணத்தைப் பார்த்ததும் நான் சர்ஜனின் காலில் விழுந்துவிட்டேன்.

"சாமி, நான் பொய் சொல்லிப்போட்டனுங்க. வீக்கத்துக்கு ஊமத்தெலை வெச்சுக் கட்டுனனுங்க. அந்தச் சாறுதான் கண்ணுல எறங்கிருச்சுங்க. மண்டையத் தொறந்துபோடாதீங்க சாமி."

அண்ணன் என்னைப் பார்த்த பார்வையை நான் இன்னும் மறக்கவில்லை. அதில் கோபம்கூட இல்லை, நான் யாரென்றே தெரியாத மாதிரி பார்த்தார். சர்ஜன் என்னை எழுந்திருக்கச் சொன்னார். எப்போது கட்டினேன், எவ்வளவு நேரம் இருந்தது, சாறு வழிந்ததா என்று கேட்டார். காலையில் பத்து மணிக்கு, இரண்டரை வரைக்கும், வழிந்தது, துடைத்தேன் என்றேன். திருப்பூர் டாக்டரிடம் சொன்னாயா என்றார். இல்லீங்க என்றேன். அன்றைக்கு நான் சொன்ன இரண்டாவது 'இல்லீங்க' அது, இந்தத் தடவை நிஜம்.

அவர் மறுபடியும் குனிந்து அந்தக் கண்ணைப் பார்த்தார். பிறகு நர்ஸைக் கூப்பிட்டு, கண் வார்டிலிருந்து ஏதோ ஒரு சொட்டு மருந்தை ஓடிப் போய் வாங்கி வரச் சொன்னார். என் பக்கம் திரும்பி, சின்னப் பிள்ளைக்குச் சொல்வது மாதிரி சொன்னார்.

"இந்தச் சொட்டு கண்ணைச் சுருங்க வைக்கிற மருந்து. ஊமத்தையால விரிஞ்ச கண்ணா இருந்தா இதுக்கு மசியாது, அப்படியே நிக்கும். உள்ள ரத்தம் அழுத்தி விரிஞ்ச கண்ணா இருந்தா சுருங்கும். மழிச்சு முடிக்கிறதுக்குள்ள தெரிஞ்சிடும்."

சொட்டு விட்டார்கள். மழிக்கத் தொடங்கினார்கள். என் கணவர் தைப்பூசத்துக்குப் பழனியில் கொடுப்பதற்காக முடி வளர்த்துக்கொண்டிருந்தார். அது சாமி முடி, கீழே விழக்கூடாது என்று அண்ணன் துண்டை விரித்துப் பிடித்து ஒவ்வொரு கற்றையாக வாங்கினார். மழிப்பவன் எரிச்சலாகப் பார்த்தான். நான் கட்டிலின் தலைமாட்டில் நின்று இடது இமையை என் விரலால் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன். நர்ஸ் விலகச் சொன்னாள். சர்ஜன், இருக்கட்டும் என்றார்.

நான் அப்போது என்ன வேண்டினேன் தெரியுமா? சுருங்காதே என்று வேண்டினேன். இத்தனை நேரம் காரில் சுருங்கு சுருங்கு என்று கெஞ்சிய அதே கண்ணிடம், சுருங்காதே, அப்படியே நில், என் தப்பாகவே இருந்துவிட்டுப் போ என்று கெஞ்சினேன். என் தப்பு என்றால் அவர் தலை தப்பும். அண்ணன் என்னை வீட்டை விட்டுத் துரத்தட்டும், லைனில் எல்லோரும் காறித் துப்பட்டும், அவர் எழுந்து உட்கார்ந்து என்னைக் கிண்டல் பண்ணுவார்.

முதலில் ஒன்றும் ஆகவில்லை. ஒரு பக்கம் மழித்து முடிந்தது. மறுபக்கம் தொடங்கினார்கள். கண் அப்படியே இருந்தது, எனக்கு நம்பிக்கை வந்தது. சர்ஜன் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார், நாடியைப் பார்த்தார். பிறகு கறுப்பின் ஓரம் கொஞ்சம் உள்ளே போன மாதிரி இருந்தது. என் கண் கோளாறாக இருக்கும் என்று நினைத்தேன். துணியில் எங்கே இழை விட்டிருக்கிறது என்று ஒரு பார்வையில் சொல்கிற என் கண்ணை நானே நம்பவில்லை. இன்னும் கொஞ்சம் உள்ளே போனது. மிளகு கடுகானது. நான் பார்க்கப் பார்க்க, என் விரலுக்குக் கீழேயே.

சர்ஜன் குனிந்து பார்த்தார். "ஊமத்தை இல்லை" என்றார். தள்ளுவண்டியின் பிரேக்கை அவரே காலால் எடுத்துவிட்டார். என் விரல் அந்தரத்தில் நின்றது. இமையிலிருந்து விரலை எடுக்க வேண்டும் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை, வண்டிதான் நகர்ந்து போயிற்று.

வெளியே மரப் பெஞ்சில் உட்கார்ந்தோம். அண்ணன் துண்டில் கட்டிய முடியை மடியில் வைத்துக்கொண்டிருந்தார். இருட்டி வெகு நேரம் கழித்து சர்ஜன் வெளியே வந்தார். காதுக்கு மேலே எலும்பில் கீறல் விழுந்து, உள்ளே ஒரு ரத்தக் குழாய் கிழிந்து, உள்ளங்கை கொள்ளும் அளவுக்கு ரத்தம் உறைந்து கிடந்ததாம், எடுத்துவிட்டேன், பிழைத்துவிடுவார் என்றார். இந்த மாதிரி அடிபட்டவர்கள் முதலில் நடப்பார்கள், பேசுவார்கள், பிறகு தூங்கப் போவார்கள், அந்தத் தூக்கத்தை நம்பக் கூடாது என்றார். ரத்தம் சேரச் சேர மூளை நகர்ந்து கண்ணுக்கு வரும் நரம்பை நசுக்கும், அதனால்தான் அந்தப் பக்கத்துக் கண் விரிகிறது என்று கையை முஷ்டி பிடித்துக் காட்டினார்.

அண்ணன் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். நான் எழுந்து நின்று, பொய் சொன்னதற்கு என்னை மன்னித்துவிடுங்கள் என்றேன். போகத் திரும்பியவர் நின்றார்.

"அந்த டாக்டர் இவர் கண்ணை வெச்சுத்தான் உங்களை அனுப்பினார். நீ இலையைப் பத்திச் சொல்லியிருந்தா அவரும் நீ நினைச்ச மாதிரியே நினைச்சிருப்பார். இந்தச் சொட்டு மருந்தெல்லாம் அவர்கிட்ட இருக்காது. சாறு இறங்கட்டும், காலையில பார்க்கலாம்னு வீட்டுக்கு அனுப்பியிருப்பார். காலை வரைக்கும் இவர் இருந்திருக்க மாட்டார்."

சொல்லிவிட்டுப் போய்விட்டார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். இதை எப்படித் தாங்குவது என்று எனக்குத் தெரியவில்லை. திட்டு வாங்கப் பயந்து சொன்ன பொய். கணவரின் உயிரைப் பற்றி ஒரு நொடிகூட நினைக்காமல், என் மானத்தை மட்டும் நினைத்துச் சொன்ன பொய். அதுதான் அவரைக் கோயமுத்தூர் வரைக்கும் கொண்டுவந்து சேர்த்தது. நல்ல மனசோடு, காலில் விழுந்து சொன்ன உண்மையோ இன்னும் கொஞ்சம் முன்னால் வந்திருந்தால் அவரைக் கொன்றிருக்கும். எத்தனையோ வருஷமாகிவிட்டது. நல்லது செய்தேனா கெட்டது செய்தேனா என்று யாராவது என்னிடம் சொன்னால் கேட்டுக்கொள்வேன், எனக்கே தெரியாது.

மூன்றாம் நாள் அவருக்கு நினைவு வந்தது. மொட்டைத் தலையில் பெரிய கட்டு. இடது இமை பாதி இறங்கிக் கிடந்தது, அந்தக் கண் கொஞ்சம் வெளிப்பக்கமாகத் திரும்பியிருந்தது. நரம்பு நசுங்கியதால் அப்படி, பல மாசம் ஆகும், முழுக்கச் சரியாகுமா என்று இப்போது சொல்ல முடியாது என்றார்கள். அண்ணன் டீ வாங்கப் போயிருந்தார். நான் கட்டில் ஓரத்தில் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். இலை கட்டியதை, கழுவியதை, டாக்டரிடம் சொன்ன பொய்யை, சர்ஜனிடம் சொன்ன உண்மையை, காரில் வாய் வராமல் தண்ணீர் குடித்ததை, சுருங்காதே என்று வேண்டியதை. ஒன்றையும் விடவில்லை. அவர் கண்ணை இடுக்கி, தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்த்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபமே வராத மனிதருக்கு இப்போது வந்துவிட்டது என்று நினைத்தேன். வரட்டும் என்று காத்திருந்தேன்.

"எனக்கு நீ ரெண்டு பேராத் தெரியறே" என்றார். நாக்கு இன்னும் குழறியது. "இதுல பொய் சொன்னவ எவ, நெசஞ் சொன்னவ எவ?"

"ரெண்டும் நாந்தானுங்க" என்றேன்.

அவர் கையைத் தூக்கிக் காற்றில் துழாவினார். முதல் தடவை என் கை கிடைக்கவில்லை. இரண்டாம் தடவை பிடித்துக்கொண்டார்.

"அப்ப ரெண்டு பேரும் உக்காருங்க" என்றார். "மூணு நாளா நின்னுட்டே இருக்கறீங்க."